அடுப்படிச் சுவரில் ஒட்டிய தாள்

பிரேசர் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை, காலை ஏழு மணி

என் செல்ல யசோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன், மனசு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. அங்கே நீயும் தமயந்தி அத்தையும் தாஸ் மாமாவும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். உனக்கு ஏழரை மாதம்தான் ஆகிறது, படிக்கத் தெரியாது, உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு அத்தைதான் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன் பேருக்கு எழுதுகிறேன். அத்தையிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, நான்கு நாளாகச் சொல்லாமல் இருக்கிறேன். போனில் மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராததை எழுதிக் கொடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம், ஒன்றாம் வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்பதைக்கூட சிலேட்டில் எழுதித்தான் டீச்சரிடம் நீட்டுவேன். உனக்கு அந்தக் குணம் வரவேண்டாம். பசித்தால் இப்போது கத்துகிறாயே, அப்படியே எப்போதும் கத்து.

இங்கே விடியற்காலையில் ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றிருக்கிறது. விடுதி மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், அறையில் மற்ற இரண்டு பெண்களும் தூங்குகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்று மாலை ஐந்து மணிக்குள் இதை எழுதி முடித்து கிரேஸ் ஆன்ட்டியின் பையில் வைத்துவிட வேண்டும், முடிக்கவில்லை என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போட்டு விடுவேன், நாளைக்கு என்பது எனக்கு எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியும்.

நீ பெரியவளானதும் கேட்பாய், நான் பால் குடிக்கிற வயதில் நீ ஏன் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாய் என்று. நம் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான், வேலை கிடைத்தபோது வரிசை வீடுகளாக இருக்கிற நம் லைன் முழுக்க லட்டு கொடுத்தார்கள். அல்சூரில் ஒரு ஆபீஸ், பல ஊர்களிலிருந்து வருகிற ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, ஏதாவது எண் விட்டுப்போயிருக்கிறதா, பக்கம் குறைகிறதா என்று சரிபார்த்து அனுப்புகிற வேலை. விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற வேலை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். பிரசவ விடுமுறை இருபத்தாறு வாரம். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு மற்ற ஆகாரம் என்று டாக்டர் சொன்னார், அந்த ஆறு மாதமும் என் விடுமுறையும் ஒரே நாளில் முடிந்தன. நீ முதல் வாய் சோறு தின்ன வேண்டிய வாரத்தில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பா பாதி நாள் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர். அவருடைய அக்கா, உன் அத்தைதான் நான் பார்த்துக்கறேன் நீ போ என்றார். என் வேலை இரவு எட்டு மணிக்கு முடிவதால் தினமும் வந்து போக முடியாது, சனி ஞாயிறு மட்டும் வருகிறேன். மற்ற நாளில் என்னிடமிருந்து உனக்கு வருவது கிரேஸ் ஆன்ட்டி கொண்டுவருகிற நீலப் பைதான்.

அந்தப் பைக்கும் ஒரு கதை உண்டு. பாலை எடுத்து வைக்க ஆபீசில் ஒரு இடம் வேண்டும், என் மேலாளர் ரகு சாரிடம் முதலுதவி அறையின் சாவியைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள் ஒரு சீட்டில், தினமும் இருபது நிமிடம் இரண்டு முறை அறை தேவை, காரணம் கேட்க வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு ஓடிவந்தேன். அவர் படித்துவிட்டுக் காது சிவந்து, சாவியைக் கொண்டுவந்து என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். எடுத்த பாலைப் பாட்டிலில் ஊற்றித் தேதி ஒட்டி, ஐஸ் கட்டிகளோடு நீலப் பையில் வைத்துவிடுவேன். நம் பக்கத்து லைன் கிரேஸ் ஆன்ட்டி என் ஆபீசுக்கே தினமும் ரயிலில் வேலைக்கு வந்து போகிறவர் அல்லவா, ஐந்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். ரயிலில் அவருடைய கோஷ்டி அந்தப் பைக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கிறார்களாம். யாராவது புதிதாக ஏறினவர் அதை நகர்த்தப் பார்த்தால், “அது சீட்டு இல்லப்பா, அதுல ஒரு பாப்பா சாப்பாடு போய்கினு கீது” என்று முனிராஜ் என்பவர் அதட்டுவாராம். கேட்டு நான் சிரித்தேன். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது. அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் உன்னைத் தூங்க வைத்துவிட்டு, உனக்கு என்ன ஊட்ட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகம் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது, அத்தை ஏழாவது வரை தமிழில் படித்தவர், அதனால் நான் தமிழில் எழுதினேன். வாயால் எதையும் சொல்லத் தயங்குகிறவள், தாளைக் கண்டால் எங்கிருந்தோ ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. முதல் வாரம், அரிசிக் கஞ்சி, வடிகட்டித் தண்ணீராக, காலை இரண்டு ஸ்பூன், மாலை இரண்டு ஸ்பூன். ஸ்பூனையும் கிண்ணத்தையும் பத்து நிமிடம் கொதிக்க வைக்கவும். உப்பு வேண்டாம். சர்க்கரை வேண்டாம். பிஸ்கட் வேண்டவே வேண்டாம். கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்து, இதற்கு மேல் நான் சொல்லாமல் எதுவும் கொடுக்கக்கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். வயதில் பதினொரு வருஷம் பெரியவர், என்னை மகள் மாதிரி வைத்திருக்கிறவர், அவருக்கு நான் கொடுக்கக்கூடாது என்று எழுதினேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துவிட்டு, “படிச்சவ எழுதினா எழுதினதுதான்” என்று சொல்லி, சோற்றுப் பருக்கையைத் தடவித் தானே சுவரில் ஒட்டினார்.

முதல் வாரத்துக்கு ஒரு தாள். இரண்டாவது வாரத்திலிருந்து என்ன என்பதற்கு இன்னொரு தாள் எழுதினேன், அதையும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

(மணி ஒன்றரை. மழை பிடித்துக்கொண்டதால் பஸ் மெதுவாக வந்தது, ஆபீசுக்குப் பத்து நிமிடம் தாமதம். இப்போது சாப்பாட்டு நேரம், பேன்ட்ரியின் மூலை மேசையில் இருக்கிறேன், டப்பாவைத் திறந்து மறுபடியும் மூடிவிட்டேன்.)

சனிக்கிழமை அங்கன்வாடியில் உன்னை எடை போட்டபோது நீ காலை உதறிக்கொண்டு சிரித்தாய், துணித் தொட்டிலில் தொங்கவிடுவது உனக்கு விளையாட்டு. தராசின் முள் ஆறு கிலோவில் நின்றது. போன மாதமும் ஆறு, நான் கிளம்பின வாரமும் ஆறு. சௌம்யா டீச்சர் உன் எடையைக் குறிக்கிற தாயி கார்டில் புள்ளி வைத்தார், பச்சையில் இருந்த கோடு மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. அவர், குழந்தையை மகு என்கிற அவருடைய கன்னடத் தமிழில், “ஏனம்மா, இந்த மகுக்கு இன்னா ஊட்டறீங்க, முள்ளு அங்கேயே நிக்குதே” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எழுதிக் குடுத்தபடியேதான் டீச்சர், ஒரு சொட்டு மாறல” என்றார். பதினைந்து நாளில் மறுபடி கொண்டுவரச் சொன்னார் டீச்சர். ஒரு சொட்டு மாறவில்லை என்று அத்தை சொன்னதை நான் நம்பவில்லை யசோ. இதையும் எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உன் வாயை மோந்து பார்த்தேன், டீயில் நனைத்த பிஸ்கட் வாசனை வருகிறதா என்று. அத்தை தண்ணீர் பிடிக்கப் போனபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன், மேல் தட்டில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இல்லை. உன் வாயில் கஞ்சி வாசனையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு எனக்குப் பால் சரியாக இறங்கவில்லை. வழக்கமாக நான் வருகிற இரண்டு நாளும் நீ என்னையே பிடித்துக்கொண்டு விடமாட்டாய், அதனால் அத்தை கஞ்சிப் பாத்திரத்தையே எடுக்கமாட்டார். ஆறு வாரத்தில் உனக்குக் கஞ்சி ஊட்டுவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஸ்பூனைக் கொதிக்க வைத்து, கஞ்சியைத் தண்ணீராக வடிகட்டி, உன்னைச் சாய்த்து ஒரு ஸ்பூன், துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன். மூன்றாவதற்கு நீ வாயைத் திறந்தாய். ஸ்பூன் வரவில்லை. திறந்த வாயை மூடாமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அத்தை உன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டார், நீ அழுததும் பாட்டிலில் இருந்த மீதிப் பாலைக் கொடுத்தார். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை, லைன் பெண்கள் அத்தையிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் நிறைய இருக்கிறது போல, அவசரப்படுகிறார் என்று நினைத்தேன்.

அரை மணி கழித்து எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். என் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். எடை விஷயத்தில் என்மேல் கோபம் என்று நினைத்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் நின்று, ஏன் அக்கா இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். உன் அத்தை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “அது என் வாயவே பாக்குதும்மா. நான் மென்னா அதுவும் மெல்லுது. மனசு கேக்கல. நீதான் ரெண்டு ஸ்பூனுக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கியே, அதான் எப்பவும் இங்க வந்து துன்னுடுவேன்” என்றார். எப்பவும் என்றார் யசோ. ஆறு வாரமாக உன் அத்தை உன் கண்ணில் படாமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார். நான் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

அப்போது ஒரு நினைவு வந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் அத்தை போனில், இன்னும் ரெண்டே ஸ்பூன்தானா அனு என்று கேட்டார். பின்னால் ரகு சார் நின்றுகொண்டிருந்தார், திரையில் ஏதோ பாதியில் இருந்தது, எழுதியிருக்கிற மாதிரியே பண்ணுங்க அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டிருக்கிறார். நான்தான் காது கொடுக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அந்த நிமிடத்தில். திரும்பி வந்து நின்றேன், என் வாய் வேறு சொன்னது. இனிமேல் அதிகமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அக்கா, கொஞ்சம் கெட்டியாக, வயிறு நிறைய, மூன்று வேளை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று சொன்னேன். எந்த டாக்டரும் அன்று எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டியதை அன்றுதான் நேரம் வந்தது போலச் சொல்லிவிட்டேன். அத்தையின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா, தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து பருப்பு வேகப்போட ஓடினார். எனக்கும் ஒரு நிம்மதி, சரி செய்தாயிற்று, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது.

சாயங்காலம் எதிர்வீட்டு ஞானம்மாள் பெரியம்மா வந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர். எடை ஏறவில்லை என்பதை அங்கன்வாடியிலிருந்து கேள்விப்பட்டு வந்தவர், கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துவிட்டு, எந்த வேலைக்கும் ஒரு கைராசி வேண்டும் என்று தொடங்கி, முதல் வாய் யார் ஊட்டினது என்று கேட்டு, அப்புறம் ஒன்று சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். கல்யாணம் ஆகி, பிள்ளை இல்லாத இந்த ஒன்பது வருஷத்தில் உன் அத்தை அந்த வார்த்தையை வேறு வேறு மாதிரி நிறையக் கேட்டிருக்கிறார், என் கையாலும் அது ஒருமுறை எழுதப்பட வேண்டாம்.  அத்தை மசித்து வைத்திருந்த பருப்புச் சோற்றுக் கிண்ணத்தைத் தானே பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். நீ கிண்ணத்தைக் காலி செய்தாய். வழித்து வழித்துத் தின்றாய். “பாத்தியா, கை மாறினதும் எப்படி துன்னுது” என்றார் பெரியம்மா. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. பசியில் இருந்த குழந்தை முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிடுகிறது, அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் உன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பெரியம்மா போனபிறகு அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “என் கைல வளராது அனு. மாசக் கடைசில நீயே கூட்டிட்டுப் போய்டு. அங்க காசு வாங்கிகினு பாத்துக்கற எடம் இருக்கும்ல.” திங்கட்கிழமை விடிவதற்குள் ரயில். நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் டைரியைப் பிரித்தபோது அந்த இன்னொரு தாள் கிடைத்தது. மடித்து வைத்திருந்தேன். மேலே இரண்டாவது வாரத்திலிருந்து என்று தலைப்பு, அடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. தலைப்பு போட்டதும் நீ விழித்து அழுதாய், உனக்குப் பால் கொடுக்க எழுந்தேன், அதோடு சரி. தினமும் இருநூறு ரிப்போர்ட்டில் பக்கம் குறைகிறதா என்று பார்க்கிறவள், ஆறு வாரமாக என் டைரியில் இருந்த வெறும் தாளைப் பார்க்கவில்லை. மறந்துதான் போனேனா என்று நான்கு நாளாக என்னையே கேட்கிறேன். நீ சோறு தின்னத் தின்ன நீலப் பை தேவைப்படாது, அந்தப் பையை விட்டால் திங்கள் முதல் வெள்ளிவரை நான் உனக்கு யாருமில்லை, அந்தப் பயத்தில் கை தானாக நின்றுவிட்டதோ என்று சில சமயம் தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைக்கு நீ அழுதது உண்மை, நான் எழுந்ததும் உண்மை. திரும்பி வந்து எழுதாததும் உண்மை.

நேற்று கிரேஸ் ஆன்ட்டி சிரித்துக்கொண்டே செய்தி சொன்னார். ஞானம்மா கையால மூணு வேளையும் கிண்ணம் கிண்ணமாத் துன்றாளாம்பா உன் பொண்ணு, லைன் முழுக்க அதே பேச்சு என்றார். அத்தை ராகிக் கூழ் காய்ச்சி, வாழைப்பழம் மசித்து, எல்லாம் தயார் செய்து வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குரல் கொடுப்பாராம். பெரியம்மா வந்து ஊட்டி முடிக்கிறவரை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாராம். நீ உட்கார்ந்தபடியே அடுப்படிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாயாமே. அதைச் சொல்லும்போது கிரேஸ் ஆன்ட்டிக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், அவர் கோயம்பேட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார், “கொழந்த துன்னுதுல்ல, அது போதும், எந்தக் கையா இருந்தா உனக்கு இன்னா” என்றார். அவர் சொல்கிறபடி விட்டுவிடலாம். உன் எடை ஏறும், சௌம்யா டீச்சர் பச்சையில் புள்ளி வைப்பார், என் தப்பு யாருக்கும் தெரியாது. உன் அத்தை மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டே மிச்ச காலம் இருப்பார்.

(மணி நாலு இருபது. கிரேஸ் ஆன்ட்டி ஐஸ் எடுத்து வைத்துவிட்டேன் என்று சைகை காட்டிவிட்டுப் போகிறார்.)

ஆகவே கேட்டுக்கொள் யசோ. நீ வளராமல் போனதற்குக் காரணம் உன் அம்மா எழுதிய தாள். அத்தையின் கை இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அளவைக் கூட்டியிருக்க வேண்டும், அதை நான் எழுதவில்லை, அந்தத் தாள் சுவரில் இல்லாததைப் பார்த்த பிறகும் டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன். அத்தை ஒரு தப்பும் செய்யவில்லை, நான் சொன்னதை அப்படியே நம்பியதைத் தவிர. நீ வாயைத் திறந்தபோதெல்லாம் இன்னொரு ஸ்பூன் கொடுக்க அந்தக் கை எத்தனை முறை எழுந்து திரும்பியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இங்கே உட்கார முடியவில்லை. என் அதிகாரமான எழுத்துக்குப் பயந்து ஒரு குழந்தையின் பசியைப் பொறுத்துக்கொண்டது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் துவைக்கிற கல்லுக்குத்தான் தெரியும். அக்கா, இந்த ஒரு வரி உங்களுக்கு, என்னை மன்னித்துவிடுங்கள். இதைக் கேட்ட பிறகும் மாசக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்றே நீங்கள் சொன்னால், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஆனால் அது என் தப்புக்காக நடந்தது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

இந்தக் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தால் மேலே தலைப்பு இருக்கும், டைரியில் கிடைத்த அதே தாள்தான், ஆறு வாரம் பிந்தி நிரப்புகிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து: யசோ வாயைத் திறக்கிறவரை அத்தை ஊட்டலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்தலாம். வீட்டில் என்ன ஆக்குகிறீர்களோ அதில் காரமும் உப்பும் போடுவதற்கு முன்னால் அவளுக்கு எடுத்து வைத்து மசித்துக் கொடுக்கலாம், பருப்பு, கீரை, பூசணி, ராகி எதுவானாலும். தேன் மட்டும் ஒரு வயது முடிகிறவரை வேண்டாம், அது நிஜமாகவே டாக்டர் சொன்னது. ஸ்பூன் வேண்டாம் என்று தோன்றினால் கையைக் கழுவிக்கொண்டு விரலால் ஊட்டலாம். அத்தை இனிமேல் பின்பக்கம் போய்ச் சாப்பிட வேண்டாம், யசோவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவள் பார்த்து மெல்லட்டும். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்க வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்தால் போதும். இவ்வளவுதான். சிவப்பு மை எதுவும் இல்லை.

சுவரில் இருக்கிற பழைய தாளை உன் கையில் கொடுக்கச் சொல் யசோ, உனக்கு இப்போது காகிதத்தைக் கண்டால் கிழிக்க வேண்டும், நன்றாகக் கிழி, வாயில் போடுவதற்குள் அத்தை பிடுங்கிக்கொள்வார். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதுக்குக் குல்லா போட்டால் இழுத்துப் போடாதே. பெரியம்மா தூக்கினால் முரண்டு பிடிக்காதே, அவரும் உன்மேல் ஆசையாகத்தான் வருகிறார். தாஸ் மாமா ஸ்டேஷனுக்கு வரும்போது மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு வரட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் முத்தங்களும் உனக்கு எப்போதும் உண்டு, பசி தெரிந்து, பசியைச் சொல்லத் தெரிந்து, நீ நன்றாக வளர வேண்டும். நாளைக்குக் காலிப் பாட்டில்களோடு அத்தை ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் சனிக்கிழமை வாசலில் நிமிர்ந்து நுழைவேன், எழுதாவிட்டாலும் வருவேன்.

கிரேஸ் ஆன்ட்டி செருப்பு மாட்டுகிறார். மறக்காமல் ஒன்று. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் படித்தால் போதாது. வாசல் கதவைத் திறந்துவிட்டு, ஞானம்மாள் பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, லைனுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படிக்க வேண்டும். அத்தை இதுவரை மனசுக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்திருந்தால், முதலிலிருந்து மறுபடியும் தொடங்கச் சொல்.

உன் பசியை விட்டுப்போட்ட,
உன் அம்மா
அனுஷா